கூவைவிளையில் இறங்கிய வெயில்

எபிசன் தன் வீட்டின் கான்கிரீட் கூரையை உடைத்த அன்று, அதற்குள் இருபத்தாறு வருடமாகத் தங்கியிருந்த வெயில் கீழே இறங்கி முற்றத்தில் படுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகிற சாலையில் இடப்பக்கம் பிரிந்து இறங்கும் கூவைவிளையில் இது நடந்தது. மழைக்காலம். வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த சிஜோவும் அவருடைய ஆட்களும் மேலே தார்ப்பாய் கட்டி, அதன் கீழே நின்று கூரையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கம்பி தெரிய ஆரம்பித்தபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாக்கு வறண்டது. புழுதி என்று நினைத்தார்கள். புழுதி மழையில் அடங்கிய பிறகும் ஏதோ ஒன்று சுவர் வழியாக மெதுவாக வழிந்து முற்றத்துக்குப் போவது தெரிந்தது. சாயங்காலம் ஆவதற்குள் இரண்டு தார்ப்பாய் அகலத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு, பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் அது அங்கே கிடந்தது. அதன்மேல் விழுந்த மழை தரையைத் தொடாமல் ஆவியாகிப் போனது. சிஜோ செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துக்கொண்டு, "சித்திரை மாசம்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் கூரையைப் போட்டவர் எபிசனின் அண்ணன் தேவகுமார். இருபத்து மூன்று வயதில் குவைத்துக்குப் போய், இறைச்சியை உறைய வைத்துப் பாதுகாக்கும் ஒரு கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே வெளியே பாலைவனமும் உள்ளே பனியும் இருந்தன. அவர் பனிக்குள் இருந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஊருக்கு வந்தபோது, அப்பா கட்டிய ஓட்டு வீட்டின் ஓட்டையும் அதன் கீழிருந்த மரத் தட்டையும் எடுத்துவிட்டு, வெட்டுக்கல் சுவர்களின் மேல் கான்கிரீட் வார்த்தார். கூவைவிளையில் அது இரண்டாவது கான்கிரீட் கூரை. வார்த்த அன்று ஊரில் பாதிப்பேர் வந்து வெறுமனே நின்று பார்த்தார்கள். அப்பா மாடியில் ஏறி, கீழே யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது தேவகுமார் அந்த வீட்டை அவன் பேருக்கு எழுதிவிட்டு, மதிலுக்கு அப்பால் தனக்கென்று சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார். அதற்கும் கான்கிரீட்தான். அவருடைய மனைவி அந்த வீட்டில் கொஞ்ச காலமே வாழ்ந்து இறந்துபோனார். குவைத்திலிருந்து அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கிட்டங்கியின் குளிரும் கூடவே வந்துவிட்டது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வருவார். மின்விசிறிக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார மாட்டார். டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவருடைய கை மட்டும் எப்போதும் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது போல இருந்தது.

எபிசன் போனது கத்தாரிலுள்ள தோகாவுக்கு. ஏசி மெக்கானிக். அடுக்கடுக்கான கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு பதினெட்டு வருடம் வேலை பார்த்து அவர் தெரிந்துகொண்டது ஒன்றுதான். குளிர் என்று தனியாக எதுவும் கிடையாது. இருக்கிற சூட்டை எடுத்து இன்னொரு இடத்தில் கொண்டு போடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. இதை அவர் அடிக்கடி சொல்வார். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவருடைய மனைவி ரெஜிலா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார். நாற்பத்தொன்றாம் வயதில் நரம்பில் ஒரு நோய் வந்தது. உடம்பில் சூடு ஏறினால் கால் சொன்னபடி கேட்காது. குளிர்ந்தால் மறுபடியும் கேட்கும். திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வெயிலில் இறங்கக் கூடாது என்றார். ரெஜிலா வேலையை விட்டார். எபிசன் தோகாவை விட்டு வந்தார். அப்போதும் வீட்டில் சமாளிக்க முடிந்தது, மேற்கே நின்ற ரப்பர் மரங்களும் இரண்டு பெரிய பலாவும் மத்தியானத்துக்குப் பிறகு கூரையை நிழலில் வைத்திருந்ததால். ஓகி புயல் ஒரே காலையில் அத்தனையையும் சாய்த்தது. அடுத்த கோடையிலிருந்து கான்கிரீட் முழு வெயிலையும் நேராக வாங்கியது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பொழுது அடைந்த பிறகு வீட்டின் உள்ளே சுவரில் கை வைத்தால் சோற்றுப் பானையைத் தொடுவது போல இருந்தது. பின்பக்க முறியில், அந்தப் படுக்கையறையில், எபிசன் ஒரு ஏசி வைத்தார். ரெஜிலா அந்த முறியில் இருந்தார். முறியிலிருந்து எடுத்த சூடு அடுக்களை ஜன்னல் பக்கம் விழுந்தது, அதனால் அடுக்களைக்கு ஒருவரும் போக முடியவில்லை. இரண்டு கோடைக்குள் அந்த வீடு சுருங்கி ஒரே முறியாகிவிட்டது.

சித்திரையில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். எபிசன் திருவட்டாறு சந்தைக்குப் போயிருந்தார். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குக் கிளம்பிய ரெஜிலா பாதி வழியில் விழுந்து, மின்சாரம் வரும்வரை தரையிலேயே கிடந்தார். திரும்பி வந்த எபிசன் அவரைத் தூக்கி உட்கார வைத்து விசிறியால் வீசினார். பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் பெபிஷா போனில் அழைத்து, நாகர்கோவிலில் லிப்ட் வைத்த பிளாட் ஒன்று பார்த்துப் போய்விடச் சொன்னாள். ரெஜிலா போனை வைத்துவிட்டு எபிசனைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க போனாலும் ஒரு முறிதான். இஞ்ச இருந்தாலும் ஒரு முறிதான். சவப்பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு எனக்க வீட்டுல அடுக்களைக்கு நடந்து போணும். அதுக்கு வழி உண்டுமா, சொல்லுங்க."

எபிசன் மதிலுக்கு அந்தப் பக்கம் போனார். தேவகுமார் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கூரைய எடுக்கப் போறேன்."

"எந்தக் கூரைய?"

"நம்ம கூரையத்தான். ஓடு போடணும்."

"நான் எடுத்துக் களஞ்ச ஓடா?"

"அவளுக்குச் சூடு ஆவாது அண்ணா. வேற வழி இல்ல."

தேவகுமார் தன் விரல்களைப் பார்த்தார். "அது கம்பியும் சிமென்டும் இல்ல லேய். எனக்க வயசு அது" என்றார். பிறகு, "செய்யி. வீடு ஒனக்க பேருலதான கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தம்பி வீட்டைப் பார்த்திருந்த ஜன்னலைச் சாத்தினார். அது அப்படியே சாத்திக் கிடந்தது.

மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்கக் கூடாது என்று சிஜோ சொல்லத்தான் செய்தார். ஆனால் பாதி வீட்டில் ரெஜிலாவால் தாக்குப்பிடிக்க முடிந்த மாதங்கள் அவைதான். அதனால் ஆடியில் ஆரம்பித்தார்கள். ஏசி முறியின் கூரையைக் கடைசியில் உடைப்பதாக ஏற்பாடு. முன்பக்கம் முடிந்ததும் ரெஜிலாவை அங்கே மாற்றிவிட்டுப் பின்பக்கத்தைத் தொடலாம். வெயில் இறங்கி முற்றத்தில் படுக்கும் என்பதை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை.

ஊர் அதை உடனே பயன்படுத்திக்கொண்டது. அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ரப்பர் ஷீட்டுகள் எல்லா வீட்டிலும் பூஞ்சை பிடித்துப் பூத்துக்கொண்டிருந்தன. கிழக்கு வீட்டு லீலாபாய்தான் முதலில் வந்து, தன்னுடைய நாலைந்து ஷீட்டை ஒரு கம்பில் கோத்து வெயிலுக்கு மேலே நீட்டிப் பிடித்தார். அரைமணி நேரத்தில் அவை தேன் நிறத்துக்கு வந்தன. மறுநாள் முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கொப்பரை வந்தது, பள்ளிக்கூடச் சீருடைகள் வந்தன, பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் வந்தன. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, இது எங்கள் இணைப்பிலிருந்து வந்தது அல்ல என்று சொல்லிப் போனார். சபைப் போதகர் ஜெபம் செய்தார். வெயிலுக்காகவா வீட்டுக்காகவா என்பதைக் குறிப்பிடவில்லை. இத்தனை பேர் வந்தும், அது படுத்துக் கிடந்தது வாசலுக்கும் பின்பக்க முறிக்கும் நடுவிலுள்ள ஒரே வழியில் என்பது எபிசனைத் தவிர வேறு யாருக்கும் உறைக்கவில்லை. ரெஜிலா ஆலயத்துக்குப் போக முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. கூடவே இன்னொன்றும் இருந்தது. மத்தியானம் ஆனதும் வெயில் மெதுவாக வீட்டை நோக்கி நகர்ந்தது. இத்தனை வருடம் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக அது விரும்பியது போலும்.

எபிசன் தன் தொழில் தெரிந்தவரைக்கும் முயன்று பார்த்தார். தண்ணீர் அடித்தார், முற்றம் முழுவதும் ஆவி நின்றது, வெயில் குறையவில்லை. கூரைக்கு வாங்கி வைத்திருந்த பளபளப்பான வெப்பத் தடுப்புத் தாளை வாசற்படியில் விரித்தார். அது பக்கவாட்டில் ஒதுங்கிப் போய் அடுத்த படியில் ஏறியது. கடைசியில் கோலப்பன் என்பவரின் லாரியை அழைத்து, தகரத்தால் வெயிலை வழித்து ஏற்றி, ஆள் போகாத பாறைக்குழி ஒன்றில் கொண்டு தட்டச் செய்தார். லாரி திரும்பி வருவதற்கு முன்பே வெயில் வந்துவிட்டிருந்தது. கோலப்பன் தனக்கு வண்டி வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முன்பக்கக் கூரைக்குச் சட்டம் ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. சுவர்கள் திறந்து கிடந்தன. ஒருநாள் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எபிசன் காற்றுப்போக்கிக்கான மரச் சட்டகங்களை வாங்கத் தக்கலைக்குப் போயிருந்தார். வெயில் படியேறி, ஏசியின் வெளிப்பெட்டியைச் சுற்றிக்கொண்டது. பெட்டி சூட்டைத் தள்ள இடமில்லாமல் முனகி நின்றுபோனது. பிறகு கதவுக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக வெயில் உள்ளே வரத் தொடங்கியது. ரெஜிலா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து கதவுவரை வந்தார். கதவைத் திறந்ததும் கால் இரண்டும் இல்லாமல் போயின. வாசற்படியில் விழுந்து கிடந்தபடி அவர் எபிசனைக் கூப்பிடவில்லை, அவர் ஊரில் இல்லை என்று தெரியும். "அத்தான்!" என்று மதிலைப் பார்த்து, கணவனின் அண்ணனைக் கூப்பிட்டார்.

துளைப்பானின் முதல் சத்தம் கேட்ட நாளிலிருந்து தேவகுமார் அந்தப் பக்கம் வந்ததில்லை. ரெஜிலாவின் குரலுக்கு வந்தார். மதிலில் இருந்த சின்ன வழியில் நுழைந்து, முற்றத்தில் கிடந்ததைப் பார்த்தார். சுற்றிப் போக இடம் இல்லை. செருப்பு இல்லாமல் உள்ளே இறங்கினார். அதுவரை அதில் கால் வைத்தவர்கள் எல்லோரும் உடனே எடுத்துக்கொண்டார்கள். தேவகுமார் எடுக்கவில்லை. நடுவில் நின்றார். வெயில் வாசற்படியிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி அவர் முழங்காலைச் சுற்றியது. அவர் ஸ்வெட்டரின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றுவதை, கிழக்கு மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லீலாபாய் பார்த்தார். தேவகுமாரின் முகம் முழுக்க நீர் வழிந்தது. அழுதார் என்று லீலாபாய் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். அது வியர்வை என்றார் தேவகுமார். ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக வியர்த்தது என்றும் சொன்னார்.

"வா லேய்" என்றார் வெயிலைப் பார்த்து. "ஒன்ன அங்க ஏத்தி வச்சது நான்தான. வா இஞ்ச."

திரும்பித் தன் வீட்டை நோக்கி நடந்தார். வெயில் அவர் பின்னால் போனது. மதில் வழி குறுகலாக இருந்ததால் அது தன்னைச் சுருக்கிக்கொண்டு நுழைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடியும் விரிந்தது. முற்றத்தில் மழை விழ ஆரம்பித்தது. ரெஜிலாவை எடுத்து உட்கார வைக்க அவரால் வர முடியவில்லை, வந்தால் அதுவும் கூட வரும். மதிலுக்கு அப்பால் நின்று லீலாபாயைச் சத்தம் போட்டு அழைத்தார். லீலாபாய் ஓடி வந்து ரெஜிலாவைத் தாங்கி, தலையிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினார்.

"மோளே, காலு கேக்குதா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

ரெஜிலா கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார். "கேக்குது அத்தான். உங்களுக்குச் சுடலியா?"

"சுடுது" என்றார் தேவகுமார். "நல்லா சுடுது."

தக்கலையிலிருந்து வந்த எபிசன் விஷயத்தைக் கேட்டுவிட்டு மதிலடிக்கு ஓடினார். வேறு வழி பார்க்கலாம், அதை விட்டுவிடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார். தேவகுமார் பனியனோடு தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் காலடியில் கிடந்தது. "நீ போய் ஒனக்க கூரையப் பாரு. மழ நனையுது" என்றார்.

எபிசன் கூரையைப் பார்த்தார். பழைய வீட்டை அப்படியே திருப்பி வைக்கிற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. பழைய வீடு இருட்டாக இருந்தது, ஒழுகியது, எலி ஓடியது. அவர் இரண்டு அடுக்காக ஓடு போட்டு, இடையில் காற்று போக இடம் விட்டு, உச்சியில் சூடு வெளியேற வழி வைத்தார். கீழே மரப்பலகையால் தட்டு அடித்தார். சிமென்ட் பூச்சைச் சுரண்டிவிட்டு வெட்டுக்கல்லுக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தார். அண்ணன் காலத்தில் மூடிய நடுமுற்றத்தைத் திறந்து, மழை உள்ளே விழவும் சூடு மேலே போகவும் விட்டார். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளி, துளையுள்ள செங்கல்லால் இன்னொரு சுவர் எழுப்பி, அதில் கொடி ஏற்றினார். குறைந்த மின்சாரத்தில் சுற்றும் விசிறிகளை மாட்டினார். தெற்குச் சரிவில் சோலார் தகடுகளை வைத்தார். கடைசியில் பின்பக்க முறியின் கூரையை உடைத்தபோது அதிலிருந்தும் கொஞ்சம் வெயில் இறங்கியது. யாரும் சொல்லாமலே அது மதில் தாண்டிப் போய் மற்றதோடு சேர்ந்துகொண்டது. ஏசியைக் கழற்றிய அன்று எபிசன் சுவரில் இருந்த ஓட்டையைத் தானே பூசினார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ரெஜிலா முறியிலிருந்து எழுந்து நடுமுற்றத்தைச் சுற்றி அடுக்களைக்கு நடந்து போனார். கையில் ஊன்றுகோல் இருந்தது. அடுப்பு பற்ற வைத்துக் கட்டன்சாயா போட்டு, நின்றபடியே குடித்தார். எபிசன் கதவோரம் நின்று அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க காலப் பாக்காதீங்க, போய் வேலையப் பாருங்க" என்றார் ரெஜிலா. நோய் போகவில்லை. ஆனால் வீடு அதற்குத் துணை போவதை நிறுத்திவிட்டது. சித்திரை வந்தபோதும் உள்ளே சுவர் தண்ணீர்ப் பானையின் வெளிப்பக்கம்போலக் குளிர்ந்துதான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் படிக்க வர ஆரம்பித்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. தேவகுமார் வீட்டுச் சுவரில் வண்ணம் பொரிந்து உதிர்ந்தது. வாசலில் நின்ற மா வருடத்தில் மூன்று தடவை பூத்தது. அவர் வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, சின்ன வயதில் பாடிய பாட்டுகளைப் பாடினார். கையைத் தொட்டவர்கள் கதகதப்பாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் போகிற இடமெல்லாம் வெயில் கூடவே போனது. ஆலயத்தில் அவர் வெளியே புளியமரத்தடியில் நின்று ஆராதனையில் கலந்துகொண்டார். தம்பி வீட்டுக்குள் நுழைய முடியாது. ரெஜிலாவால் மதிலுக்குப் பக்கத்தில் போக முடியாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் குளிரிலும் இன்னொருவர் சூட்டிலும் பிழைத்தார்கள், நடுவில் முப்பதடி தூரம். கிறிஸ்துமஸுக்கு ரெஜிலா ஆக்கிய சோற்றையும் கறியையும் எபிசன் மதில்மேல் எடுத்து வைப்பார். தேவகுமார் எடுத்துக்கொண்டுபோய் வாசலில் தனியாகச் சாப்பிடுவார். கொரோனா வருடங்களில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள் என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தெரிந்தது.

கடலோரத்து இனயத்தில் மழைக்காலத்தில் நெத்திலி காய வழியில்லாமல் அழுகுவதைப் பார்த்துவிட்டு வந்த லாரிக்காரர் கோலப்பன், கூவைவிளையில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அங்கே சொல்லியிருந்தார். மீன் காய வைக்கிற பெண்கள் நாலுபேர் பஸ் ஏறி வந்தார்கள். தேவகுமார் மறுபேச்சு இல்லாமல் லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஆனி, ஆடி முழுக்க அவர் இனயத்துக் கடற்கரையில் இருந்தார். மேலே கருத்த மேகம், கீழே ஒரு துண்டு கோடை, அதன்மேல் வெள்ளை வெள்ளையாக மீன். அவர் கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெண்கள் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊர் திரும்பியபோது வெயில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. முழங்கால் உயரம் கெண்டைக்கால் உயரமானது. எடுத்தால் தீரக்கூடியது அது என்று அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்த பிறகும் தேவகுமார் யாரையும் இல்லை என்று அனுப்பவில்லை. அடுத்த மழைக்கும் இனயம் போனார், அதற்கடுத்த மழைக்கும் போனார். செங்கல் சூளைக்காரர் கேட்டார், போனார். வெள்ளத்தில் நனைந்த பள்ளி நூலகத்துக்காகக் கேட்டார்கள், ஒரு வாரம் அங்கே புத்தகங்களுக்கு நடுவில் படுத்திருந்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். மழையில் துணி காயப் போட்டிருக்கும் வீட்டுக்கு முன்னால் சும்மா போய் நிற்பார். வெயில் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் ரெஜிலா ஊன்றுகோலோடு மதிலை நோக்கிப் பாதித் தூரம்வரை நடந்து வந்துவிட்டு, தன் கால் இன்னும் நிற்பதைக் கவனித்தார். இன்னும் ரெண்டடி வந்தார்.

"அத்தான், இப்பிடிக் குடுத்தா தீந்து போவும்."

"தீரட்டு."

"பின்ன உங்களுக்கு? மறுபடியும் அந்தக் குளிரு வந்தா?"

தேவகுமார் மாம்பூவைக் கையால் துடைத்து ஒதுக்கிக்கொண்டே பேசினார். "ஆறு வருசம் நல்லா காஞ்சாச்சு மோளே. போரும். எனக்கு ஒரு மத்தியானம் அங்க வந்து, ஒங்க ரெண்டுபேருக்க கூட இருந்து சோறு தின்னணும்."

ரெஜிலா ஊன்றுகோலை ஊன்றி வீட்டுக்குத் திரும்பினார். தன்னால் அவருக்குச் சேர வேண்டிய சூடு போகிறது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். எபிசன் அண்ணனிடம் போய் வாதாடிப் பார்த்தார். அந்த மழைக்கும் லாரி வந்தது, தேவகுமார் ஏறிப் போனார்.

அவர் வந்தது இந்த வருடம் ஓணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலயம் முடிந்து நேராக வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். வெயில் தோளில் போடும் ஒரு துவர்த்து அளவுக்குச் சுருங்கி, அவருடைய இடது காலின் பக்கத்தில் நடந்து வந்தது. வாசற்படிக்குக் கீழே நின்றார். ரெஜிலா கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எபிசன் அவருக்குப் பின்னால், விழுந்தால் தாங்குகிற தூரத்தில் நின்றார்.

"மிச்சம் கொஞ்சம் கெடக்கு" என்றார் தேவகுமார்.

"கெடக்கட்டும். நீங்க வாருங்க."

அவர் படியேறினார். ரெஜிலாவுக்கு முழங்காலில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது, நின்றது. அவர் விலகி வழி விட்டார். தேவகுமார் உள்ளே வந்து நடுமுற்றத்தைப் பார்த்தார். அங்கே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி மரத் தட்டை, அதன் இணைப்புகளை, காற்றுப்போக்கியின் வெளிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கொள்ளாம்லே" என்றார். "நல்லா இருக்கு."

எபிசன் நாற்காலியை இழுத்துப் போட்டார். சோறு பரிமாறும்போது ரெஜிலாவின் விரல் தேவகுமாரின் கையில் பட்டது. கை பழையபடி நன்றாகக் குளிர்ந்திருந்தது. ரெஜிலா அடுக்களைக்குப் போய், மீன் குழம்பை மறுபடியும் கொதிக்க வைத்து எடுத்து வந்து ஊற்றினார். எபிசன் எழுந்து மின்விசிறியை அணைத்தார். மூன்றுபேரும் சாப்பிட்டார்கள். பெபிஷாவின் கல்யாணப் பேச்சு வந்தது, இனயத்தில் அந்த வாரம் சாளை மீன் என்ன விலைக்குப் போனது என்ற பேச்சு வந்தது. வெயில் மேசைக்கு அடியில் கிடந்தது. லீலாபாய் வீட்டுப் பூனை நடுமுற்றம் வழியாக நனைந்துகொண்டு வந்து, அதன்மேல் ஏறிச் சுருண்டு தூங்கியது.